பாட்டுப் பெட்டி 399 டாலர். காதுக்கு என்ன விலை?

நீல் யங் பெரிய பாடகர். கனடாவில் பிறந்தவர். அமெரிக்காவில் புகழ் பெற்றவர். 1960-களில் தொடங்கிய அவருடைய பாட்டு இன்றும் ஓயவில்லை.

பணம் உண்டு. புகழ் உண்டு. ஆனாலும் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது.

ஒலிப்பதிவு கூடத்தில் அவர் உயிரைக் கொடுத்துப் பாடுகிறார். கிதாரின் ஒவ்வொரு கம்பியும் தனித் தனியே பேசுகிறது. ஆனால் அதே பாட்டு ரசிகரின் சட்டைப் பைக்குள் இருக்கும் சிறிய பெட்டிக்குப் போய்ச் சேரும்போது, சத்தெல்லாம் போய்ச் சக்கையாகி விடுகிறது. இதுதான் அவருடைய குறை.

"நாமே ஒரு பெட்டி செய்தால் என்ன?" என்று நினைத்தார். செய்தும் விட்டார்!

அந்தப் பெட்டிக்கு "பொனோ" என்று பெயர். அது ஹவாய்த் தீவு மொழிச் சொல். "நேர்மையானது" என்று பொருள்.

2014-ம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவில் ஆஸ்டின் நகரில் நடந்த இசை விழாவில் நீல் யங் அதைப் பற்றிப் பேசினார். இன்டர்நெட் வழியாகப் பொது மக்களிடம் முன்பணம் கேட்டார். அவர் கேட்டது 8 லட்சம் டாலர். வந்து குவிந்தது 62 லட்சம் டாலர்! பணம் போட்டவர்கள் 18 ஆயிரம் பேருக்கு மேல்.

மறு ஆண்டு ஜனவரியில் பெட்டி கடைக்கு வந்தது. முக்கோணக் கட்டை போன்ற வடிவம். விலை 399 டாலர்.

பிறகு நடந்தது என்ன?

2016-ல் பொனோவுக்குப் பாட்டு விற்ற இன்டர்நெட் கடை மூடப்பட்டது. 2017-ல் "பொனோ முடிந்தது" என்று நீல் யங்கே அறிவித்து விட்டார்.

செல்வாக்கு உள்ள பாடகர். நல்ல நோக்கம். கை நிறையப் பணம். அப்படியும் மூன்று ஆண்டுகள்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. நீல் யங் சொன்னது தவறா?

பாதி சரி. பாதி தவறு. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தவறு என்று தெரியாததால்தான் இன்றும் பல வீடுகளில் வீண் செலவு நடக்கிறது. மகன் கேட்கிறான் என்று அப்பா விலை உயர்ந்த கருவியை வாங்கிக் கொடுக்கிறார். கடையில் சொன்ன வித்தியாசம் வீட்டில் கேட்பது இல்லை. அது கருவியின் குற்றமும் அல்ல; காதின் குற்றமும் அல்ல.

ஒலி எப்படி எண் ஆகிறது?

முதலில் ஒரு சிறு விளக்கம்.

பாட்டு என்பது காற்றின் அசைவு. அந்த அசைவை எண்களாக எழுதி வைத்தால், பிறகு எண்களைப் பார்த்து அதே அசைவை மறுபடியும் உண்டாக்கலாம். 1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி. தட்டு இதைத்தான் செய்கிறது.

ஒரு வினாடிக்கு 44 ஆயிரத்து 100 தடவை ஒலியை அளந்து எழுதுகிறது. இடது காதுக்குத் தனி. வலது காதுக்குத் தனி.

ஏன் இவ்வளவு? காரணம் இருக்கிறது. மனிதக் காது வினாடிக்கு 20 அதிர்வில் இருந்து 20 ஆயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். அதுவும் இளம் வயதில்! வயது ஏற ஏற, மேல் எல்லை இறங்கிக் கொண்டே வரும். ஓர் அதிர்வைத் தவறாமல் பிடிக்க வேண்டுமானால், அதன் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். இது கணிதம். 20 ஆயிரத்துக்கு இரண்டு மடங்கு 40 ஆயிரம். கொஞ்சம் கூடுதலாக 44 ஆயிரத்து 100. அவ்வளவுதான் விஷயம்.

இந்த முறையில் 4 நிமிடப் பாட்டு ஒன்று 42 எம்.பி. இடம் பிடிக்கும். இன்றைக்கு அது பெரிது அல்ல. 1990-களில் அது மலை! வீட்டுக் கம்ப்யூட்டரில் பத்துப் பதினைந்து பாட்டு வைத்தாலே பெட்டி நிரம்பித் திணறும்.

அப்போதுதான் எம்.பி.3 வந்தது.

வெட்டி எறிந்த துணி

எம்.பி.3 முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். ஜெர்மனிக்காரர். அங்கே எர்லாங்கன் நகரில் பிரான்ஹோபர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை நடந்தது.

அவர்கள் பிடித்த சூட்சுமம் என்ன தெரியுமா?

பெரிய மேளம் முழங்கும்போது, பக்கத்தில் வளையல் குலுங்கினால் காதில் விழாது. வளையல் ஒலி இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் மேளம் அதை மறைத்து விடுகிறது. "காதில் விழாத ஒலியை எதற்காக எழுத வேண்டும்? விட்டு விடு!" இதுதான் எம்.பி.3.

பட்டுப் புடவை கட்டிய பெண்ணை நினைத்துப் பார்க்கலாம். கொசுவத்துக்குள் மடிந்து கிடக்கும் துணி வெளியே தெரிவது இல்லை. "தெரியாத துணி எதற்கு?" என்று கத்தரியால் வெட்டி எறிந்தால், பார்க்கிறவர் கண்ணுக்குப் புடவை புடவையாகவே இருக்கும். பாரமும் குறையும். ஆனால் வெட்டிய துணி வெட்டியதுதான். மறுபடி ஒட்டாது.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி, "டாம்'ஸ் டைனர்" என்ற பாட்டை எந்த வாத்தியமும் இல்லாமல், வெறுங்குரலில் பாடி இருந்தார். அந்தப் பாட்டைத் தம்முடைய முறையில் சுருக்கிப் பார்த்தார் பிராண்டன்பர்க். குரல் கர்ண கடூரமாக வந்தது! மறைத்துக் கொள்ள மேளம் இல்லை அல்லவா? வெட்டிய இடம் எல்லாம் பளிச்சென்று காட்டிக் கொடுத்து விட்டது. அந்த ஒரு குரலை வைத்துக் கொண்டு, திரும்பத் திரும்பத் திருத்தி முறையைச் சீர் செய்தார். உலகம் முழுவதும் கோடிக் கணக்கான பாட்டுகளைச் சுருக்கிய முறை, ஒரு பெண்ணின் தனிக் குரலிடம் பாடம் கற்றது.

2001-ம் ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் கம்பெனியின் ஐபாட் வந்தது. "ஆயிரம் பாட்டு சட்டைப் பையில்" என்று விளம்பரம். பாட்டைச் சுருக்கி வைத்ததால்தான் அது முடிந்தது. அந்த நாளில் பலர் மிகவும் இறுக்கிச் சுருக்கினார்கள். 42 எம்.பி. பாட்டு 4 எம்.பி. ஆனது. அப்படிச் செய்த பாட்டில் தாளத் தட்டின் ஒலி "சளசள" என்று கேட்கும். கூர்ந்த காதுக்கு உடனே தெரியும்.

நீல் யங் கோபப்பட்டது இதற்காகத்தான். அந்தக் கோபம் நியாயமானது. அவர் சொன்னதில் சரியான பாதி இதுவே.

மடித்து வைத்த புடவை

வெட்டாமல் சுருக்க வழி இல்லையா? உண்டு!

புடவையை வெட்ட வேண்டாம். ஒழுங்காக மடித்துப் பெட்டியில் வைத்தால் போதும். இடம் குறையும். பிரித்து உதறினால் ஓர் இழை கூடக் குறையாது. இதைத்தான் "லாஸ்லெஸ்" என்கிறார்கள். இழப்பு இல்லாதது என்று பொருள்.

இதற்குப் பெயர் பெற்ற முறை "பிளாக்". ஜோஷ் கோல்சன் என்பவர் உருவாக்கினார். ஐபாட் வந்த அதே 2001-ம் ஆண்டு அதன் முதல் முழு வடிவம் வெளியானது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆப்பிள் கம்பெனியும் 2004-ல் இதே போன்ற முறை ஒன்றைக் கொண்டு வந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? மளிகைக் கணக்கு போலத்தான். நேற்று அரிசி 60 ரூபாய். இன்று 61. நாளைக்கு 62. ஒவ்வொரு நாளும் முழு விலையை எழுத வேண்டியது இல்லை. "60-ல் தொடங்கு, தினம் ஒன்று கூட்டு" என்று எழுதினால் போதும். கணக்கு தப்பும் இடத்தில் மட்டும் வித்தியாசத்தைக் குறித்து வைக்கலாம். பாட்டின் எண்களையும் இப்படியே எழுதுகிறார்கள். அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். திருப்பி எடுக்கும்போது ஓர் எண் கூட மாறாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெட்டிய புடவையை எவ்வளவு அழகாக மடித்தாலும், வெட்டிய துணி திரும்பி வராது. பழைய எம்.பி.3 பாட்டைப் "பிளாக்" ஆக மாற்றிப் "பெரிய கோப்பு, நல்ல ஒலி" என்று யாராவது கொடுத்தால், கோப்புதான் பெரிது. ஒலி பழைய ஒலியே.

தவறான பாதி

நீல் யங் "பிளாக்" முறையோடு நிறுத்தி இருந்தால் சண்டையே இல்லை. அவர் இன்னும் ஒரு படி மேலே போனார்.

சி.டி. தட்டு கூடப் போதாது என்றார். வினாடிக்கு 44 ஆயிரத்து 100 தடவைக்குப் பதிலாக ஒரு லட்சத்து 92 ஆயிரம் தடவை அளந்த ஒலி வேண்டும் என்றார். பொனோவின் பெருமையே அதுதான். சுருக்காமல் வைத்தால், அப்படிப்பட்ட பாட்டு, சி.டி. பாட்டைப் போல ஆறு மடங்குக்கு மேல் இடத்தை விழுங்கும்.

கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடுதலாக அளந்து என்ன பிடிக்கிறார்கள்? 20 ஆயிரம் அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியை. அதை வௌவால் கேட்கும். நாய் கூட ஓரளவு கேட்கும். மனிதர் கேட்பது இல்லை!

இதை வெளிப்படையாகச் சொன்னவர் கிறிஸ்டோபர் மாண்ட்கோமரி. "பிளாக்" முறையைப் பேணி வளர்க்கும் சிப் அமைப்பைத் தொடங்கியவரே அவர்தான். 2012-ல் நீண்ட கட்டுரை எழுதினார். ஒரு லட்சத்து 92 ஆயிரம் அளவால் கேட்கிறவருக்கு எந்த லாபமும் இல்லை. சில கருவிகளில் அந்தக் கேளா ஒலியே கலங்கி, கேட்கும் ஒலியைக் கெடுக்கவும் கூடும் என்றார். சொந்தக் கடைச் சரக்கைப் பற்றி இப்படி உண்மை பேசுகிறவர்கள் குறைவு.

சோதனை என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தி, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள்.

உயர்ந்த ரக ஒலியைப் போட்டார்கள். நடுவில் ஒரு கருவியை வைத்து, அதையே சி.டி. தரத்துக்கு இறக்கியும் போட்டார்கள். எது எது என்று சொல்லாமல் கண்டு பிடிக்கச் சொன்னார்கள். கேட்டவர்களில் ஒலிப்பதிவுத் தொழிலில் ஊறியவர்களும் உண்டு.

மொத்தம் 554 தடவை சோதித்தார்கள். 276 தடவை சரியாகச் சொன்னார்கள். அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவு! காசைச் சுண்டிப் "பூவா, தலையா" பார்த்து இருந்தாலும் இதே கணக்குதான் வந்திருக்கும்.

மறு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ், இப்படிப்பட்ட 18 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துக் கணக்குப் பார்த்தார். 12 ஆயிரத்து 500-க்கு மேற்பட்ட சோதனைகள். 100-க்கு 52.3 தடவை சரியாகச் சொல்லி இருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் 60 வரை போனார்கள். ஆகவே வித்தியாசம் அறவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேர்ந்த காது, அமைதியான அறை, முழுக் கவனம் எல்லாம் சேர்ந்து 100-க்கு 60. பஸ்ஸில் தொங்கிக் கொண்டு போகிறவருக்கு இதில் என்ன பங்கு?

அந்த நுனியளவு வித்தியாசத்துக்குத்தான் குடும்பத் தலைவர் சம்பளத்தில் பெரும் பகுதியைக் கொடுக்கிறார். கொடுக்க வேண்டாம் என்பதே நியாயம்.

கடையில் விலை உயர்ந்த கருவி ஏன் இனிமையாகக் கேட்கிறது என்ற கேள்வி எழலாம். அதற்கு ஒரு பழைய ரகசியம் உண்டு. இரண்டில் எது சற்று உரக்க ஒலிக்கிறதோ, அதுவே நல்ல ஒலி என்று மனித மூளை முடிவு செய்து விடும். மயிரிழை அளவு உரக்க இருந்தால் போதும்! "உரக்க" என்று தோன்றாது. "தெளிவு" என்று தோன்றும். விற்பவர் வேண்டும் என்றே செய்யாவிட்டாலும் இது நடந்து விடும்.

குறை எங்கே?

ஒலியில் குறை இருப்பது உண்மை. பெட்டியை மாற்றினால் போகாது. வேறு இடங்களில் இருக்கிறது.

முதல் இடம், பாட்டைத் தயாரிக்கும் கூடம்!

2008-ல் மெட்டாலிகா என்ற புகழ் பெற்ற அமெரிக்கக் குழு "டெத் மேக்னெடிக்" என்று ஒரு சி.டி. வெளியிட்டது. இழப்பு இல்லாத அசல் சி.டி. ஆனால் போட்டுக் கேட்டால் காது கூசியது. எல்லா ஒலியையும் ஒரே உச்சத்துக்கு ஏற்றி நசுக்கி இருந்தார்கள். மெல்லிய இடமும் உரக்க. உரத்த இடமும் உரக்க. உச்சியில் ஒலி கிழிந்தே போனது.

அதே பாட்டுகள் "கிதார் ஹீரோ" என்ற வீடியோ விளையாட்டிலும் வந்தன. அதில் நசுக்கவில்லை. ரசிகர்கள் திகைத்துப் போனார்கள். காசு கொடுத்து வாங்கிய சி.டி.யை விட விளையாட்டில் வரும் பாட்டு நன்றாக இருந்தது! மறுபடி ஒழுங்காகச் செய்து தரும்படி ஆயிரக் கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள்.

குழைந்து போன சோற்றை வெள்ளித் தட்டில் போட்டாலும் குழைந்த சோறுதான். நசுக்கிய பாட்டைக் குறை இல்லாமல் கொண்டு வந்தால், நசுங்கல்தான் குறை இல்லாமல் வரும்.

இரண்டாவது இடம், காதில் மாட்டும் கருவி. ஒலியை எண்ணில் இருந்து மின்சாரமாக மாற்றும் வேலையை இன்று சிறிய சில்லு செய்து விடுகிறது. அதில் பெரிய குறை கிடையாது. 2016-ல் ஆப்பிள் கம்பெனி தன் புதிய போனில் இயர்போன் துளையை எடுத்து விட்டது. பதிலுக்கு ஒரு குட்டி வயர் விற்றது. விலை 9 டாலர். அந்த வயருக்குள்ளேயே சில்லு இருக்கிறது. அளந்து பார்த்தவர்கள் "இந்த விலைக்கு இவ்வளவு சுத்தமா?" என்று வியந்தார்கள்.

ஆனால் மின்சாரத்தை மறுபடி காற்றின் அசைவாக மாற்றுவது இயர்போன். அங்கேதான் இயந்திரம் அசைய வேண்டும். அங்கேதான் ஒன்றுக்கு ஒன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு இயர்போன்களை மாற்றி மாற்றிப் போட்டால், சின்னக் குழந்தை கூட வித்தியாசம் சொல்லி விடும். சோதனைக் கூடம் தேவை இல்லை.

வயர் இல்லாத புளூடூத் இயர்போன் வசதியானது. ஆனால் அது சாதாரணமாகப் பாட்டை மறுபடியும் வெட்டித்தான் அனுப்புகிறது. போனில் "லாஸ்லெஸ்" என்று எழுதி இருக்கும். காதுக்கு வருவது வெட்டிய பாட்டு. 2021-ல் ஆப்பிள் கம்பெனி கூடுதல் கட்டணம் இல்லாமல் லாஸ்லெஸ் பாட்டு தரத் தொடங்கியபோது, தன்னுடைய புளூடூத் இயர்போனில் அது முழுசாக வராது என்று அதுவே ஒப்புக் கொண்டது. நன்றாகச் செய்தால் அந்த வெட்டும் காதுக்கு எளிதில் தெரியாது என்பது வேறு விஷயம். ஆனால் லாஸ்லெஸ் என்று நம்பிப் பணம் கட்டுகிறவருக்கு இது தெரிந்து இருக்க வேண்டும்.

ஸ்பாட்டிபையும் 2025 செப்டம்பரில் லாஸ்லெஸ் கொடுக்கத் தொடங்கி விட்டது. அதைத் தனிப் பெட்டி வாங்கித்தான் கேட்க வேண்டும் என்ற நிலை இல்லை. கையில் இருக்கும் செல்போனே போதும். நல்ல வயர் இயர்போன் ஒன்று இருந்தால் வேலை முடிந்தது.

மூன்றாவது இடம், சுற்றி இருக்கும் இரைச்சல். இதுதான் ஆபத்தானது.

திரும்பி வராத சொத்து

பஸ் இரைச்சல், ரெயில் இரைச்சல். பாட்டின் மெல்லிய பகுதி காதில் விழவில்லை. கேட்கிறவர் என்ன செய்கிறார்? ஒலியைக் கூட்டுகிறார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

உட்காதில் நுண்ணிய மயிர் போன்ற உறுப்புகளை உடைய உயிரணுக்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்குச் சொல்வது அவைதான். உரத்த ஒலி அவற்றைக் கொல்லும். மனிதருக்கு அவை மறுபடி முளைப்பது இல்லை. தலை மயிர் கொட்டினாலாவது முளைக்கும் என்று நம்பலாம். இது போனால் போனதுதான்.

2019-ல் உலகச் சுகாதார நிறுவனமும், உலகத் தொலைத் தொடர்பு சங்கமும் சேர்ந்து ஓர் அளவு விதித்தன. பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியில் வாரம் 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். அதற்கு மேல் கூடாது.

இந்தக் கணக்கில் ஒரு சூழ்ச்சி உண்டு. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும். 83-ல் 20 மணி. 86-ல் 10 மணி. 89-ல் 5 மணி. 92-ல் இரண்டரை மணி. ஒரு நாளைக்கு அல்ல, ஒரு வாரத்துக்கு! ஒரே ஒரு நீண்ட பஸ் பயணத்தில் வாரக் கணக்கு தீர்ந்து விடும்.

இதில் வேதனையான செய்தி ஒன்று. நல்ல ஒலிக்காகப் போராடிய நீல் யங்குக்கே காதில் ஓயாத இரைச்சல் நோய் உண்டு. 1990-களின் தொடக்கத்தில், மின்சாரக் கிதாரோடு காதைப் பிளக்கும் கச்சேரிகள் நடத்திய பிறகு அது பெரும் தொல்லையானது. 1992-ல் "ஹார்வெஸ்ட் மூன்" என்ற மிக மென்மையான இசைத் தொகுப்பை வெளியிட்டார். உரத்த ஒலியை அப்போது தம் காது தாங்கவில்லை என்று அவரே சொல்லி இருக்கிறார். ஒரு லட்சத்து 92 ஆயிரம் அளவைப் பற்றி அவர் பேசியபோது, அவருக்கு வயது 70-ஐ நெருங்கிக் கொண்டு இருந்தது.

அதனால் பணம் செலவு செய்ய மனம் துடிக்கிறவர், காதை இதமாக அடைக்கும் இயர்போன் வாங்கட்டும். வெளி இரைச்சல் உள்ளே வராது. ஒலியைக் கூட்ட வேண்டிய அவசியமும் வராது. ஆனால் ரோட்டில் நடக்கும்போது அதைக் கழற்றி விட வேண்டும். லாரி வருவது தெரிய வேண்டும் அல்லவா?

பழைய நாள் நினைவு ஒன்று. 1979-ல் ஜப்பானின் சோனி கம்பெனி முதல் வாக்மேன் கருவியை விற்றபோது, அதில் இரண்டு இயர்போன் துளைகள் இருந்தன. தனியாகப் பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று கம்பெனித் தலைவர்களில் ஒருவரான அக்கியோ மோரிட்டா நினைத்தார். பேச்சுக் கொடுக்க வேண்டுமானால் பாட்டைத் தாழ்த்துவதற்கு ஒரு ஆரஞ்சு நிறப் பொத்தானும் இருந்தது. இப்போது ஒரே சோபாவில் நாலு பேர் நாலு பாட்டுக் கேட்கிறார்கள்.

லாஸ்லெஸ் யாருக்குத் தேவை?

அப்படியானால் லாஸ்லெஸ் வீண்தானா? அல்ல!

கேட்பதற்கு எம்.பி.3 போதும். நன்றாகச் செய்த, இறுக்கிச் சுருக்காத எம்.பி.3-ஐ அசலில் இருந்து பிரித்து அறிவது பெரும்பாலோரால் முடியாது. ஆனால் காத்து வைப்பதற்கு அது ஆகாது.

ஒரு வீட்டில் பாட்டி தாலாட்டுப் பாடுகிறார். பேரன் பதிவு செய்கிறான். அதை அக்காவுக்கு அனுப்புகிறான். அக்கா கொஞ்சம் வெட்டிச் சேர்த்து மாமாவுக்கு அனுப்புகிறார். மாமா வேறு கருவியில் மாற்றி வைக்கிறார். வெட்டும் முறையில் ஒவ்வொரு தடவை புதிதாகச் சுருக்கும்போதும் மறுபடி கத்தரி விழும். பத்து ஆண்டு கழித்துக் கேட்டால், பாட்டியின் குரல் தகரத்தில் மணல் கொட்டியது போல இருக்கும். சினிமாப் பாட்டு போனால் இன்னொரு பிரதி கிடைக்கும். பாட்டியின் குரலுக்கு இன்னொரு பிரதி எங்கே கிடைக்கும்?

லாஸ்லெஸ் இங்கே அவசியம். பதிவு செய்யும்போதே "வேவ்" அல்லது "பிளாக்" என்ற முறையைத் தேர்ந்து எடுக்க வேண்டும். செல்போனிலேயே இதற்கு வசதி உண்டு. அசலை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தி விட்டு, பிரதியை யாருக்கு வேண்டுமானாலும் எம்.பி.3 ஆக அனுப்பலாம். பழைய சி.டி.களையும் டேப்புகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்களுக்கும் இதே வழிதான். இதற்குக் காசு செலவு இல்லை. கொஞ்சம் கூடுதல் இடம் பிடிக்கும். அவ்வளவுதான்.

நீல் யங்கும் கடைசியில் இந்த வழிக்குத்தான் வந்தார். பொனோவை மூடிய 2017-ம் ஆண்டு டிசம்பரிலேயே, தம்முடைய பாட்டுகள் எல்லாவற்றையும் முழுத் தரத்தில் சேர்த்து வைத்து இன்டர்நெட்டில் ஒரு காப்பகம் திறந்தார். அதைக் கேட்க முக்கோணப் பெட்டி தேவை இல்லை.

வீட்டிலேயே சோதனை

இவ்வளவு சொல்லியும் "என் காதுக்குத் தெரிகிறது" என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். இருக்கட்டும். அவர்கள் புதுப் பெட்டி வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம்.

சொந்த சி.டி.யில் இருந்து ஒரு பாட்டை எடுத்து, "பிளாக்" ஆக ஒன்று, உயர்ந்த ரக எம்.பி.3 ஆக ஒன்று என இரண்டு பிரதிகள் செய்ய வேண்டும். இரண்டும் ஒரே அளவு உரக்க ஒலிக்க வேண்டும். இது முக்கியம். கேட்கிறவர் திரும்பி உட்கார வேண்டும். வீட்டில் இன்னொருவர் காசைச் சுண்டிப் பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் மற்றது என்று பத்துத் தடவை போட வேண்டும். எதைப் போட்டார் என்று தாளில் குறித்துக் கொள்ள வேண்டும். கேட்கிறவரும் தனியே எழுத வேண்டும். நடுவில் பேச்சுக் கூடாது. முகம் பார்க்கக் கூடாது.

பத்தில் 9 சரியாக வந்தால் அது உண்மையிலேயே கூர்மையான காது. குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி வருவது 100-ல் ஒரு தடவைதான். 4, 5, 6 என்று வந்தால், இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடும்பத்தோடு பார்க்கலாம்.